நாலாவது தரை

பொறுமைக்கு விலை போட முடியாது என்பார்கள். போடலாம். என் மனைவியின் பதினொரு வருடப் பொறுமை மூன்று லட்சத்து நாற்பதாயிரம். இன்னொருவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று, வருகிறவர்களின் மூக்கையும் காதையும் அளந்து, முதலாளியின் வாயைப் பொறுத்துச் சேர்த்த பணம். அதில் அவள் சொந்தக் கடை போடப் போகிறாள். இது போனால் இன்னொரு பதினொரு வருடம் அவளிடம் இல்லை.

இடம் பேசி முடிப்பது என் பொறுப்பு. நான் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுக் குழந்தைகள் முதலில் பேசும் வார்த்தை 'அம்மா' இல்லை, 'குறைச்சுக்கோங்க'.

முன்னூறு சதுர அடி, பின்னால் ஒரு சின்ன அறை. சொந்தக்காரம்மா மாடியில் இருக்கிறார். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவரை நோட்டைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். வாடகையில் நானூறு குறைக்கச் சொன்னேன்.

"சரி தம்பி."

பிடிக்காவிட்டால் கழன்றுகொள்ள வசதியாகப் பதினோரு மாத ஒப்பந்தம் போதும் என்றேன்.

"சரி."

நாங்கள் போடுவதெல்லாம், தரை உட்பட, போகும்போது எங்களுக்கே சொந்தம் என்று எழுதச் சொன்னேன். எழுதியே கொடுத்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பழைய தரையை உடைக்க வேண்டாம். மேலயே ஒட்டிக்கோங்க."

படி இறங்கும்போது மனைவி கேட்டாள். "எல்லாத்துலயும் ஜெயிச்சுட்டீங்களே, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஜெயிக்க விட்டாங்க. அதான் பயமா இருக்கு."

முப்பது வருட வியாபாரத்தில், கேட்டவுடன் தலையாட்டிய எவனும் எனக்கு நல்லது செய்ததில்லை. தவிர, சிமெண்டில் ஒட்டிய தரையைப் போகும்போது எப்படிச் சுருட்டிக்கொண்டு போவது? அது எனக்குப் படி இறங்கி முடித்த பிறகுதான் உறைத்தது. மனைவியிடம் சொல்லவில்லை.

பழைய தரை, கறுப்பும் பழுப்புமாகப் புள்ளி போட்ட டைல்ஸ். கண்ணாடிக் காலில் இருக்கும் திருகாணி எள்ளில் பாதி. "இந்தத் தரையில ஒரு திருகாணி விழுந்தா, தேடி எடுக்கிறதுக்குள்ள வந்தவருக்குக் கிட்டப்பார்வை போய் தூரப்பார்வை வந்துடும்" என்றாள் மனைவி. ஆகவே புள்ளியே இல்லாத வெள்ளை டைல்ஸ். டைல்ஸ், பசை, கூலி எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம்.

கொத்தனார் காலையில் வந்தவர், தரை முழுக்கக் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே மண்டியிட்டு நகர்ந்தார். உள்ளே காலியான சத்தம் கேட்ட இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். ஒன்பது வட்டம்.

"இதெல்லாம் உள்ள பிடிப்பு விட்டிருக்கு. எடுத்துட்டுப் பூசி மட்டம் பண்ணணும் சார். கீழே ஆடுற தரை மேலேயும் ஆடும்."

கூலியை ஏற்றப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து நானும் மண்டியிட்டுத் தட்டினேன். எனக்குப் பதினொன்று கிடைத்தது.

"அப்ப பதினொண்ணா எழுதிக்கவா சார்?" என்றார் அவர், மரியாதையாக.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டாள். மாடியில் கேட்டதற்கு, "ஆடுறதை எடுத்துக்கட்டும், மத்ததைத் தொடாதீங்க" என்று பதில் வந்தது. ஒன்பதையே எடுத்தோம். முதல் டைல்ஸைப் பெயர்த்ததும் கொத்தனார் கையை எடுத்தார். கீழே சிமெண்ட் இல்லை. சிவப்பு டைல்ஸ்.

"இதுவும் தரைதான் சார். பாருங்க, மெழுகின பளபளப்பு கூட இருக்கு."

அதன் ஓரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பெயர்த்தார். அதற்கும் கீழே வழுவழுப்பான சிமெண்ட் தரை. ஆக, நாங்கள் போடப் போவது நாலாவது. பிறகு பின்னறைக் கதவடியில் விரலை வைத்துக் காட்டினார்.

"கதவோட அடிச்சட்டம் நாலு விரலாவது இருக்கணும். இதுல ஒண்ணரைதான் இருக்கு. தரை ஏற ஏற, கதவை அறுத்திருக்காங்க. ரெண்டு தடவை. நாம இன்னொரு தடவை அறுத்தா சட்டமே மிஞ்சாது."

எனக்கு விளங்கிவிட்டது. எலி ஏன் அம்மணமாக ஓடுகிறது என்று இப்போது தெரிந்தது. குடி வருகிறவன் தன் காசில் தரை போடுவான். பதினோரு மாதம் முடிந்ததும் அந்தம்மா சிரித்துக்கொண்டே, "எடுத்துட்டுப் போ தம்பி, உன் தரைதானே" என்பார். அடுத்தவன் வருவான். கட்டடம் மேலே வளராமல் உள்ளே வளர்கிறது.

"நிறுத்துங்க" என்றேன்.

"சார், பசை கலந்துட்டேன். முக்கால் மணி நேரத்துல கல்லாயிடும்."

"ஆனா ஆகட்டும்."

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி. சொன்னேன். அவள் அந்தக் குழியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பதினோரு மாசம் போதும்னு கேட்டது அவங்களா, நீங்களா?" என்று கேட்டாள். விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த ஜெராக்ஸ்காரர் இப்போது இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டே நகல் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் இயந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

"புள்ளி போட்ட டைல்ஸ் நான் போட்டது சார். நாப்பதாயிரம்."

"அந்தம்மா காலி பண்ணச் சொன்னாங்களா?"

"சொல்லுவாங்க. சொல்லியிருப்பாங்க. வாடகை வாங்க வந்தப்ப தரையை ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க. 'ரொம்ப நல்லா இருக்கே'ன்னாங்க. எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அதுக்கப்புறம் சொன்னாங்களா?"

"எங்கே சொல்ல விட்டேன்? அதுக்கு முன்னாடியே சாவியைக் கொடுத்துட்டேனே. என்னை ஏமாத்த முடியுமா? சிவப்புத் தரை போட்ட தையல்காரரும் இதைத்தான் எங்கிட்ட சொன்னார். அவரும் உஷார்."

"அவரையாவது போகச் சொன்னாங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "அவரும் முந்திக்கிட்டார்னுதான் நினைக்கிறேன்."

நான் அந்த மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் நின்றேன். நாற்பதாயிரத்தை விட்டுவிட்டு வந்த மனிதர், ஏமாறவில்லை என்ற பெருமையோடு இயந்திரத்தை மறுபடி ஓட்டினார். அவர் முகம் எனக்கு ரொம்பப் பழக்கமானதாக இருந்தது. சவரம் செய்யும்போது தினமும் பார்க்கிற முகம்.

ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் சந்தேகம் விடவில்லை. யாரையும் துரத்தாமலே இரண்டு தரை சம்பாதித்த பெண்மணி, துரத்துகிறவரைவிடக் கெட்டிக்காரராக அல்லவா இருக்க வேண்டும்?

கடைக்குள் நுழைந்தால், பின்சுவர் ஓரமாக வெள்ளை டைல்ஸ் இரண்டு வரிசை உட்கார்ந்திருந்தது. கொத்தனார் பல் வைத்த கரண்டியால் பசையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"யார் ஆரம்பிக்கச் சொன்னது?"

"அக்கா சொன்னாங்க சார். நீங்க போனதும் மாடிக்குப் போய்ட்டு வந்தாங்க. அதுக்குள்ள பாதி வாளி கல்லாப் போச்சு."

மனைவி ஒப்பந்தத் தாளை நீட்டினாள். பதினோரு மாதம் அடிக்கப்பட்டு, ஐந்து வருடம் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"என்ன கேட்டே அவங்ககிட்ட?"

"முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்கன்னு கேட்டேன். 'எனக்கும் தெரியலம்மா, தரை நல்லா இருக்குன்னு சொன்னேன், அடுத்த மாசம் சாவியைக் கொடுத்துட்டார்'னாங்க. அப்ப அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கன்னேன்."

"உடனே சரின்னாங்களா?"

"எங்கே! ரெண்டு வருஷம்னாங்க. மூணுன்னாங்க. கால் மணி நேரம் இழுத்தாங்க. கடைசியில, 'உன் வீட்டுக்காரர் குறைச்ச நானூறைத் திருப்பிக் கொடு, அஞ்சு எழுதறேன்'னாங்க. கொடுத்துட்டேன். தரையும் போகும்போது அவங்களுக்கே. எப்படியும் நீங்க அதைத் தலையில தூக்கிட்டு வரப் போறதில்ல."

நான் பேரம் பேசி வாங்கியது எல்லாம் கால் மணி நேரத்தில் போயிருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தம்மா இழுத்தார், இரண்டு என்றார், மூன்று என்றார், நானூறைத் திருப்பிக் கேட்டார். அப்படியென்றால் கொடுத்ததை நிஜமாகவே கொடுத்திருக்கிறார். அந்த இடத்தில் முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது.

"மாசம் நானூறுன்னா அஞ்சு வருஷத்துக்கு இருபத்து நாலாயிரம்" என்றேன், பழக்க தோஷத்தில்.

"தெரியும். போட்டுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

கண்ணாடி அலமாரி நிற்கப் போகிற சுவரில் அவள் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். கொத்தனாரும் கரண்டியோடு எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

தரை: 38,000. பதினோரு மாதம் என்றால் மாதத்துக்கு 3,454.
தரையும் நானூறும்: 62,000. அறுபது மாதம் என்றால் மாதத்துக்கு 1,033.
கல்லாய்ப்போன பசை, அரை வாளி: 250. என் வீட்டுக்காரர் தர வேண்டியது.