ஊசியில்லாத பிளாஸ்டர்

காலையில் நர்ஸ் சந்திரமதிதான் அந்த பிளாஸ்டரை ஒட்டினாள். காண்ட்ராக்டர் ஜெகநாதனின் மனைவி வைஜெயந்தி கையை நீட்டி, "வளையல்ல பசை படாம ஒட்டும்மா" என்றாள். உள்ளே ட்ரிப்ஸ் ஊசி கிடையாது. ஹெலிகாப்டரில் நோயாளிக்கென்று ஒதுக்கிய ஒரே இடத்தில் சொகுசாகப் போகிறவர்களுக்கு அந்தமானின் இந்தச் சின்னத் தீவு ஆஸ்பத்திரி செய்துவிடும் அலங்காரம் அது. டாக்டர் கடிதத்தில் 'கிரிட்டிக்கல்' என்று எழுதினார். வைஜெயந்திக்கு மதுரையில் அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா. போர்ட் பிளேர் வரை கப்பல் என்றால் வாந்தி வருமாம்.

பத்து மணிக்கு ரப்பர் தோட்டத்திலிருந்து சுகுணாவை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நாடி நூலாக ஓடியது. போர்ட் பிளேர் போனால்தான் அறுவை சிகிச்சை. டாக்டர் அதே பேனாவால் அதே சொல்லை எழுதினார்.

"அந்தம்மா லெட்டர வாங்கிடுங்க டாக்டர்" என்றாள் சந்திரமதி.

"குடுத்தத எப்பிடிம்மா திருப்பிக் கேக்குறது? நீயே ஹெலிபேட்ல பேசிப் பாரு."

அங்கே பயணிகள் பட்டியல் அருண்பிரசாத்தின் கையில். சந்திரமதி போன் செய்ததும் சிரித்தான். "அரே சிஸ்டர், ஒரு கிரிட்டிக்கல் ஏற்கெனவே வந்தாச்சு. இது அசலா, லெட்டரா?"

"அசல்."

"போன வருசம் உங்க நாத்தனாருக்கும் அப்பிடித்தான சொன்னீங்க."

சொன்னாள்தான். வளைகாப்புக்குப் போக. அன்று அந்தச் சொல் நாக்கில் கனக்கவேயில்லை. சாகக் கிடப்பவர்களுக்கென்று இருந்த ஒரே சொல்லை ஆளாளுக்கு வாயிலிட்டுச் சப்பித் துப்பியாயிற்று. சுகுணாவுக்கு எச்சில்தான் மிச்சம்.

சுகுணாவை ஏற்றிக்கொண்டு சந்திரமதியும் ஜீப்பில் போனாள். ஹெலிபேடில் வைஜெயந்தி சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். சந்திரமதி அவள் கையைப் பிடித்து பிளாஸ்டரை உரித்தாள்.

"என்னடி பண்ற? எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா உன் வேலை இருக்காது."

சந்திரமதி அந்தக் கையை அருண்பிரசாத்திடம் காட்டினாள். "பாருங்க அண்ணா, ஊசி குத்துன தடமே இல்ல. நான்தான் ஒட்டுனேன். நாத்தனாருக்கும் நான்தான். எழுதிக்குங்க."

அருண்பிரசாத் அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் வெளுத்துக் கிடந்த சுகுணாவின் உதட்டைப் பார்த்தான். பட்டியலில் ஒரு பெயரை அடித்தான்.

ஹெலிகாப்டர் சுகுணாவோடு ஏறிப் போனது. வைஜெயந்தி இன்னும் ஏசிக்கொண்டிருந்தாள். "இன்னிக்குத்தான் இவ யோக்கியமாயிட்டா."

சந்திரமதியின் விரல்களில் பிளாஸ்டர் பசை அழுக்கேறிக் கறுத்திருந்தது. சீருடையில் தேய்த்தாள். உருண்டு திரண்டதே தவிர, போகவில்லை.