நாலு முத்திரைக்கு ஒரு பக்கம்

எல்லைக்குப் பத்து கிலோமீட்டர் முன்னால் சுற்றுலா லாரியை நிறுத்தச் சொல்லி, இருந்த இறைச்சி முழுவதையும் வறுத்து முடித்தாள் சமையல்காரி லுங்கிலே. பச்சை இறைச்சியைப் போட்ஸ்வானாவுக்குள் விடமாட்டார்கள், வெந்ததற்குத் தடையில்லை. பதினான்கு சுற்றுலாப் பயணிகள் மரநிழலில் கால் நீட்டிக் காத்திருந்தார்கள்.

"இறைச்சி தப்பிச்சிரும். நீ தப்பிப்பியாக்கா?" என்றான் டிரைவர் தெண்டாய்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?"

அவள் பாஸ்போர்ட்டில் மிச்சம் ஒரே ஒரு பக்கம். மாதம் இருமுறை இந்தப் பாதையில் சமைத்துக்கொண்டே போய்வந்ததில் மற்றதெல்லாம் நிறைந்துவிட்டது. புதியது வாங்க ஜிம்பாப்வேயில் உள்ள தன் ஊருக்குப் போக வேண்டும். அதற்கு இன்னும் நான்கு முத்திரைகள்: நமீபியாவை விட்டு வெளியேற, போட்ஸ்வானாவுக்குள் நுழைய, அதைவிட்டு வெளியேற, ஜிம்பாப்வேக்குள் நுழைய. நாலு மூலைக்கு நாலு. கச்சிதமாகக் கணக்குப் போட்டிருந்தாள். எல்லையில் மாட்டிக்கொள்ளும் சமையல்காரரைக் கம்பெனி இறக்கிவிட்டு வேறு ஆளை ஏற்றிக்கொள்ளும். இறங்கியவர்கள் யாரும் திரும்ப ஏறியதில்லை.

நமீபிய அதிகாரி கேட்டபடியே மேல் மூலையில் குத்திக் கொடுத்தார்.

போட்ஸ்வானா அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் நின்றவள் பயணிகளில் ஒருத்தியான மரெய்க்கா, நெதர்லாந்தில் ஓய்வுபெற்ற டீச்சர்.

"நடுவுல, பெருசா குத்துங்க. பேரன்கிட்ட காட்டணும்."

அதிகாரி சிரித்துக்கொண்டே ஓங்கிக் குத்தினார். லுங்கிலே தன்னுடையதை நீட்டினாள்.

"ஐயா, எனக்கு ஓரமா, மூலையில..."

"என்னம்மா கூச்சம்?"

மரெய்க்கா பாய்ந்து வந்தாள். "இவங்க கைப்பக்குவத்துக்கு மூலையா? எனக்குக் குத்துன மாதிரியே நடுவுல குத்துங்க!"

"அப்ப சமையல்காரம்மாவுக்கு மரியாதை செஞ்சிர வேண்டியதுதான்."

லுங்கிலே கையை நீட்டித் தடுப்பதற்குள் டப்பென்று விழுந்துவிட்டது.

"ஐயா, இதுல இன்னும் ரெண்டு வரணுமே."

அதிகாரி முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேனே ஐயா."

"குத்துனத அழிக்க முடியாது. முத்திரை மேல முத்திரையும் குத்த மாட்டாங்க." பாஸ்போர்ட்டை வெளியே தள்ளினார். "அடுத்து."

வெளியே தெண்டாய் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்து வர்ற மவுன் டவுன்ல புது ஆள் ஏறுதாம். அதுவரைக்கும் நீயே சமைச்சிரணுமாம்க்கா."

"அப்புறம் நான் எப்படிடா வீட்டுக்குப் போறது?"

"அத அவங்க சொல்லல."

லுங்கிலேவுக்கு மரெய்க்காவைத் திட்ட மனம் வரவில்லை. அவள் நல்லதைத்தான் நினைத்தாள்.

கால்நடை நோய் பரவாமலிருக்க, எல்லாரும் செருப்பை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் லாரி ஏற வேண்டும். மரெய்க்கா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்.

"இத கொஞ்சம் பிடிச்சுக்கம்மா. மை காயல, மூடிராத."

லுங்கிலே அந்தப் பாஸ்போர்ட்டை விரித்தபடி பிடித்துக்கொண்டாள். காற்றில் அதன் தாள்கள் புரண்டன. இரண்டு பக்கங்களில் மை இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை.