கடமானின் கழுத்து

என் வீட்டுக்காரர் அப்துல் அஜீஸுக்குப் பர்மாவில், தாமுவே கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளியும் குவளையும் விற்றே ஐம்பது வயதைத் தொட்ட மனிதருக்குப் போன வருஷம் திடீரென்று வீரம் வந்துவிட்டது. தெரிந்த கரேன் இனத்து வேட்டைக்காரர் ஒருவரோடு பெகு மலைக்காட்டுக்குப் போனவர், மூன்றாம் நாள் ஒரு கடமானோடு திரும்பினார். கறி நான்கு சாக்கு. தலையும் கழுத்தும் தனியாக, உப்புத் தடவி, கோணியில் சுற்றி, ஐஸ் பெட்டிக்குள் இருந்தன. கொம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"குண்டு பட்டு விழுந்துச்சு. ஓடிப்போயி, உசிரு இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன். என் கையால" என்றார்.

அதுதான் முக்கியம். குண்டடியிலேயே செத்ததை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள். உயிர் போகுமுன் தொண்டையை அறுத்திருந்தால்தான் கறி ஹலால். நான் நம்பினேன். தெருவில் நாற்பது வீட்டுக்குப் பங்கு வைத்து அனுப்பினேன். கேட்டவர்களிடமெல்லாம், "அவுங்களே அறுத்தது" என்று என் வாயாலேயே சொன்னேன். பதிமூன்று வருஷமாக எங்கள் முன்னறையில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறேன். பல்கீஸ் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெருவில் ஒரு பேர் உண்டு. எனக்கென்று இருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

கறி ஒரே நாளில் தீர்ந்தது. தலை தீரவில்லை. கொம்பை மட்டும் எடுத்துப் பலகையில் அடித்துவிடலாம் என்று சொன்னேன். அவர் முகம் சுளித்தார்.

"கொம்ப மட்டும் மாட்டுனா துண்டு காயப்போடுற கொக்கி மாதிரி இருக்கும் புள்ளே. நெஞ்சு வரைக்கும் வேணும். கழுத்து நல்லா நிமிந்து நிக்கணும்."

"தொழுவுற எடத்துல, புள்ளைங்க ஓதுற எடத்துல, மொகம் வச்ச உருவமா மச்சான்?"

"தொழுவுற நேரத்துக்குத் தெர போட்டுக்குவோம்."

ஆக, மானுக்குத் திரை. இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் எனக்குத் தனியாக உட்கார ஒரு மூலை கிடையாது. செத்த மானுக்குத் திரைச்சீலையோடு இடம் ஒதுக்கியாயிற்று.

தின்கன்ஜூன் பேட்டையில் ஸயா ஊ மியின் என்று ஒருவர் விலங்குகளைப் பாடம் செய்து கொடுக்கிறார்; ஸயா என்றால் பர்மியத்தில் வாத்தியார். தலையை அன்றைக்கே அவரிடம் சேர்த்துவிட்டார் என் வீட்டுக்காரர். தோல் பதமாகி வந்ததும், கண்ணாடிக் கண் பொறுக்க என்னையும் இவர் கூட்டிக்கொண்டு போனார். கடமானுக்குக் கண் பழுப்பு நிறம். இவருக்குப் புலிக்கு வைக்கிற மஞ்சள் கண்தான் பிடித்தது. அப்போதுதான் முறைப்பாக இருக்குமாம். புல் தின்கிற பிராணி எதற்கு முறைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஸயா தோலைப் பலகையில் விரித்துத் தடவிக் கொடுத்தார்.

"அருமையான தோல். உங்க ஆளுங்க கொண்டுவர்றதுல எப்பவும் தொண்டை அறுந்திருக்கும். அந்தத் தையலை மறைக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடும். இதுல ஒரு கீறல்கூட இல்ல" என்றார் பர்மியத்தில்.

பர்மியம் எனக்கு நன்றாகவே புரியும். தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. என் வீட்டுக்காரர், கண்ணாடிக் கண்கள் இருந்த தட்டின்மேல் குனிந்தவர், நிமிரவே இல்லை. ஒரு ஜோடிக் கண் பொறுக்க யாருக்கும் அவ்வளவு நேரம் ஆகாது.

டாக்ஸியில் கேட்டேன்.

"அறுக்கலயா மச்சான்?"

"கிட்டப் போறதுக்குள்ள மவுத்தாப் போச்சு. நாலு சாக்குக் கறிய காட்டுலயே போட்டுட்டு வரச் சொல்றியா?"

"நாப்பது வூட்டுக்கு நான் சொல்லியிருக்கேன்."

"யாருக்குத் தெரியும்? நீ வாயத் தொறந்தாத்தானே."

நானும் அந்தக் கறியை இரண்டு வேளை தின்றவள். அதைவிட, என் வாயை நம்பித் தின்ற நாற்பது வீடு. அந்த மனிதருக்கோ ஒரே கவலை, கழுத்தில் வெட்டு இல்லாதது எல்லாருக்கும் தெரியுமே என்று. கொம்போடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். பெருமை விடவில்லை.

மறுநாள் ஸயாவுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"தொண்டையில குறுக்க ஒரு வெட்டு வெட்டித் தச்சுடுங்க ஸயா. தையல் வெளிய தெரியணும்."

"மறைச்சுக் கொடுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க" என்று ஸயா சிரித்தார். "வெட்டிக் கொடுன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

அப்படித்தான் எங்கள் வீட்டுக் கடமான் செத்து ஒரு மாசம் கழித்து அறுக்கப்பட்டது. பிஸ்மில்லா சொன்னது யார் என்று தெரியவில்லை. ஸயா புத்த மதக்காரர்.

தலை வந்தது. முகவாய் தூக்கி, மஞ்சள் கண்ணை உருட்டி, தொண்டையில் கறுப்பு நூல் பளிச்சென்று தெரியும்படி மாட்டினார்கள். திரை முதல் வாரத்தோடு சரி. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் எங்கே கத்தியை வைத்தார், எப்படி இழுத்தார் என்று குடைக்கம்பால் தொட்டுக் காட்டினார். சந்தையில் கறிக்கடை வைத்திருக்கும் சுலைமான்கூட அண்ணாந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்ல அறுப்பு" என்றார். இத்தனை மாடு அறுத்த மனிதர்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு லத்தீபா வரும் வரைக்கும்தான். அவள் மகள்கள் இரண்டு பேரும் என்னிடம் ஓதுகிறார்கள்.

"லாத்தா, எங்க மாமி யாரு அறுத்ததுன்னு தெரியாம கறி தொடமாட்டாங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் அன்னைக்கு மான்கறி சாப்புட்டாங்க. படுக்கையில இருந்துகிட்டு, சரியாத்தான் அறுத்தாங்களான்னு மறுபடி கேக்குறாங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியிடமும் நானே வந்து சொல்கிறேன் என்றேன். லத்தீபா நிமிர்ந்து மானைப் பார்த்தாள்.

"தையலு இருக்கே லாத்தா."

"அது ஸயா வெட்டித் தச்சது. போன மாசம்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"வூட்டுல ஏதும் சண்டையா? அதுக்காக அவுங்க பேர இப்படியா கெடுக்குறது?"

மறுநாள் அவள் மகள்கள் வரவில்லை. வாரம் முடிவதற்குள் பதினேழு பிள்ளைகளில் நான்கு பேர் மிஞ்சினார்கள். மானைப் பார்க்க மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தையலைப் பார்க்கிறார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்க்கிறார்கள், புருஷன்மேல் இல்லாததைச் சொன்னவள் இவள்தான் என்று. அவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பதும் நான்தான்.