சுருட்டை தூங்கும் மாதங்கள்

கணவரின் வலது கையில் நான்கு நகங்களைச் சுத்தம் செய்துவிட்டாள். கட்டைவிரல்தான் பாக்கி. தீக்குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, வெந்நீரில் தோய்த்து, நகத்துக்கு அடியில் மெல்ல விட்டாள். கறுப்பு கிரீஸ் இழையாகச் சுருண்டு வந்தது. முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கை. எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு. கல்யாண போட்டோவில்கூட அவர் அந்தக் கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடக்கி மறைத்துக்கொண்டுதான் நிற்பார்.

"போதும்மா, விடு. கை வலிக்கப் போகுது" என்றாள் நாத்தனார்.

யார் கை என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நகத்தின் மூலையில் ஒரு பொட்டுக் கறுப்பு மிச்சம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுத் தீக்குச்சியைக் கீழே வைத்தாள்.

காலை ஐந்தே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்பியவர் அவர். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவுக்குக் கயிறு கட்டினார். இன்னொன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எதிர்த் தெருவிலிருந்து வந்த டாக்டர், "வலி தெரிஞ்சிருக்காதும்மா" என்றார். கட்டின முடிச்சை அவிழ்க்க மனமில்லாமல், ஷூவோடுதான் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். மகன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். மயானத்துக்குக் கொண்டுபோக நாலு மணிக்கு வண்டி சொல்லியிருந்தார்கள்.

நாத்தனார் அவருக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். துக்கம் வந்தால் அவளால் உட்கார முடியாது. அழுதுகொண்டே பாத்திரம் துலக்கினாள், அழுதுகொண்டே ஜன்னல் துடைத்தாள். அதையும் முடித்த பிறகு, "வர்றவங்க எங்க உக்காருவாங்க? பால்கனியை ஒதுக்கறேன்" என்று துடைப்பத்தோடு போனாள்.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கம்பெனியிலிருந்து முதலில் வந்தவர் அவருடைய கூட்டாளி. இருபது வருடமாக ஒன்றாகவே வேலை பார்த்ததால் இவரைப் போல்ட்டு என்றும் அவரை நட்டு என்றும் கூப்பிடுவார்கள். நட்டு தலைமாட்டில் வந்து நின்று குனிந்து பார்த்தார்.

"திங்கக்கிழமை பதினாலு மாடி கட்டடத்துக்கு சர்வீஸ். படி ஏறிப் போகணும்னு தெரிஞ்சுதானேடா இன்னிக்கே கம்பி நீட்டிட்டே" என்றார்.

ரெண்டு பேர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவளுக்கும் உதட்டோரம் ஏதோ அசைந்தது. நட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன். லிஃப்ட் சுவத்துல காதை வைப்பான். வச்சிட்டு, 'மூணாவது சக்கரத்துல பேரிங் போகுது'ன்னுவான். கழட்டிப் பாத்தா அதேதான். மெஷின் வச்சுப் பாக்கற நாங்க எல்லாம் அவன் காதுக்குக் கிட்ட வர முடியாது."

அவள் தலையாட்டினாள். அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் இருபத்தெட்டு வருடம் படுத்திருந்தாள். இவள் மூச்சு கொஞ்சம் மாறினாலும், "என்ன, சாயங்காலத்துலேருந்து ஏதோ யோசனை?" என்று கேட்டுவிடும் காது.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு இளம்பெண் வந்தாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. செருப்பை ஓரமாக விட்டு, உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க யாரும்மா?"

"கண் கிளினிக்ல வேலை பாக்கறேன். ஆறாவது மாடி. போன வருஷம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். சார்தான் வந்து எடுத்தார்."

இவள் தள்ளி உட்கார்ந்து பாயில் இடம் கொடுத்தாள்.

"கரெண்ட் போயிடுச்சு. உள்ள நான் ஒருத்திதான். ஒரே இருட்டு. கதவைத் தட்டித் தட்டிக் கத்தினேன். வெளியேருந்து ஒரு குரல்: 'நல்லாக் கத்துங்க, தப்பில்ல. ஆனா உள்ள காத்து வருது, பயம் வேண்டாம். அந்த ஓட்டையைப் போன வாரம் நானேதான் துடைச்சேன்.' அப்புறம் சொல்றார், 'எனக்கு இங்க அம்பது நிமிஷம் வேலை இருக்கு. அதுவரைக்கும் எங்க வீட்டுச் செடி கதை சொல்றேன். கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன்.'"

"சுருட்டை கதையா?" என்றாள் இவள்.

"ஆமா, சுருட்டைதான். இலையெல்லாம் ஸ்பிரிங் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கும்னார். குளிர் ஏற ஏற இன்னும் இறுக்கமாச் சுருளுமாம். பூ வந்தா புது பிஸ்கட் டப்பாவைத் திறந்த மாதிரி வாசனை வருமாம். எல்லாச் செடியும் தூங்கற குளிர்ல அது முழிச்சுக்குமாம். வெயில் வந்தா இலையைக் காயவிட்டுட்டு, வெறும் கிழங்கா மண்ணு மேல உக்காந்துக்குமாம். 'பாத்தா செத்த மாதிரிதான் இருக்கும், ஆனா சாகல. இப்ப நீங்க உக்காந்திருக்கற மாதிரிதான்'னார். எனக்கு அந்த இருட்டுல சிரிப்பு வந்துடுச்சு."

அவரேதான். ஒரு கட்டடத்தில் வீடு காலி செய்துகொண்டு போனவர் கொடுத்தார் என்று இரண்டு கிழங்குகளைக் காகிதப் பையில் கொண்டுவந்த நாள் இவளுக்கு நினைவிருந்தது. உரித்த வெங்காயம்போல, ஆனால் பச்சையாக, கொழுகொழுவென்று. "இதைப் போய் வளக்கப் போறீங்களா? சாம்பார்ல போடலாம்" என்று கேலி செய்தாள். ஒன்றை இங்கே பால்கனியில் வைத்தார். இன்னொன்றை மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறை ஜன்னலில்.

"ரெண்டு இருந்துச்சாமே?" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணு அழுகிப் போச்சுன்னு சொன்னார். அவர் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுல யாரோ தினமும் தண்ணி ஊத்திட்டாங்களாம். நல்ல வெயில் காலம். தூங்கற கிழங்குக்குத் தண்ணி பட்டா அடியிலேருந்து அழுகிடுமாம். வந்து தொட்டா, விரல் உள்ள போச்சுன்னார். நான் கேட்டேன், 'திட்டினீங்களா சார்?' 'ஆசையா ஊத்தின கை அது. திட்டினா அப்புறம் எதையும் தொடப் பயப்படும். கிழங்குக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்'னார். யாரு ஊத்தினாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல. அதுக்குள்ள கதவு திறந்துடுச்சு."



எட்டு நாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்த எட்டு நாளும், ஒரு நாள் தவறாமல் இவள்தான் ஊற்றினாள். அவர் வீடு திரும்பிய அன்று, பாராட்டுக்குக் காத்திருக்கும் குழந்தைபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னாள். "அட, நல்ல வேளை நீ இருந்தே" என்றார் அவர். நான்கு நாள் கழித்துத் தொட்டி காலியாக இருந்தது. "வயசாயிடுச்சு, பாவம்" என்றார். மறு வருடம் மாடியிலிருந்த கிழங்கைக் கீழே கொண்டுவந்தபோது, "இதுக்கு வெயில்ல தண்ணி ஆகாதாம். இப்பத்தான் ஒருத்தன் சொன்னான்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, கம்பெனியிலிருந்து ஒரு பழைய மஞ்சள் தகரப் பலகையைக் கொண்டுவந்து தொட்டியில் மாட்டினார். 'பராமரிப்பு நடக்கிறது. பொத்தானை அழுத்தாதீர்.' விளையாட்டுக்கு மாட்டியிருக்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"டீ குடிச்சிட்டுப் போம்மா" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். குரல் சரியாகத்தான் வந்தது.

அந்த நேரம் பால்கனிப் பக்கமிருந்து நாத்தனார் ஒரு கையில் சொம்போடு, முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் ஏதோ ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதி முகத்தில்.

"பால்கனி சுத்தமாயிடுச்சு. நாலு நாற்காலி போடலாம். தம்பியோட அந்தத் தொட்டி எலும்பாக் காஞ்சு கிடந்துச்சு. பாக்கவே பொறுக்கல. அதுல ஏதோ தகரம் வேற தொங்குச்சு, துக்க வீட்டுல அசிங்கமா இருக்கேன்னு எடுத்துட்டேன். ரெண்டு சொம்பு நல்லா நெறைய ஊத்தினேன். அவன் போன அன்னிக்கு அவன் செடி வாடக் கூடாது."

கண் கிளினிக் பெண் டீ தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு இவளைப் பார்த்தாள். இவள் யாரையும் பார்க்காமல் எழுந்தாள்.

பால்கனியில் வெயில் தகித்தது. தொட்டிக்கு அடியில் தண்ணீர் வழிந்து தரையில் ஆவியாகிக்கொண்டிருந்தது. மண் கறுத்து, குழைந்து, நடுவே கிழங்கு பாதி மூழ்கி இருந்தது. தகரப் பலகை குப்பைக் கூடையில் கிடந்தது.

மிச்சமிருந்த ஒன்று. அவர் தினமும் காலையில் ஷூ மாட்டுவதற்கு முன்பு, தொடாமல், குனிந்து பார்த்துவிட்டுப் போன ஒன்று. இன்று காலையும் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்கு வந்தார்.

காலையிலிருந்து வெளியே வராமல் நின்ற கூச்சல் இப்போது வழி கண்டுவிட்டதுபோல் மேலே வந்தது. கத்தலாம். இன்றைக்கு இவள் கத்தினால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். உங்களை யார் தொடச் சொன்னது என்று ஒரு வார்த்தை போதும். வாசற்படியில் நாத்தனார் வந்து நிற்பது முதுகுக்குத் தெரிந்தது.

இவள் உட்கார்ந்தாள். தொட்டியைச் சாய்த்து, ஒரு கையால் கிழங்கின் கழுத்தைப் பிடித்து, மறு கையை ஈர மண்ணுக்குள் விட்டாள். விரல்கள் அடியைத் தேடின. விரல் உள்ளே போய்விடுமோ என்று ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டாள். போகவில்லை. கல்லுபோல் இருந்தது. வேர்களோடு தூக்கி வெளியே எடுத்தாள்.

"என்னம்மா பண்றே?" நாத்தனாரின் குரலில் நிம்மதி போயிருந்தது. "நான்... ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

எழுபது வயது முகம். தண்ணீர் ஊற்றிய சொம்பு இன்னும் கையில் இருந்தது.

"இல்ல அண்ணி" என்றாள் இவள். "மண்ணு மாத்தணும் மாத்தணும்னு ஒரு மாசமாச் சொல்லிட்டிருந்தார். காஞ்ச மண்ணுல எடுத்தா வேரு அறுந்துடும். எப்படி நனைக்கறதுன்னு யோசிச்சிட்டே நாளைக் கடத்தினார். நல்ல வேளை நீங்க ஊத்தினீங்க."

நாத்தனார் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அவன் எப்பவுமே அப்படித்தான். சின்னதுல பல்லு ஆடினாக்கூட, பிடுங்கணும் பிடுங்கணும்னு ஒரு வாரம் சொல்லிட்டே திரிவான். கடைசியில நான்தான் நூல் கட்டி இழுப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் என்ன பண்ணணும், சொல்லு."

"பேப்பர் கொண்டாங்க. அவரோட பழைய வேலைத் துணி இருக்கும், அதையும்."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். இவள் கிழங்கைப் பிடித்துக்கொள்ள, நாத்தனார் எண்ணெய் வாசம் அடிக்கும் அந்தத் துணியால், குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல, வேர் வேராக ஈரத்தை ஒற்றி எடுத்தாள். கிழங்கின் மேல்தோல் வெங்காயச் சருகுபோல் கொஞ்சம் உரிந்து வந்தது. உள்ளே பச்சை மினுங்கியது.

"உயிரோடதான் இருக்கு" என்றாள் நாத்தனார் ஆச்சரியமாக. "நான் செத்துப் போச்சுன்னே நெனச்சேன். இருந்தாலும் ஊத்தினேன்."

நிழல் விழும் மூலையில் அவருடைய கருவிப்பெட்டி இருந்தது. அதன் மேல் பேப்பரை விரித்துக் கிழங்கை வைத்தார்கள். இவள் குப்பைக் கூடையிலிருந்து பலகையை எடுத்து, துடைத்து, பெட்டியின் கைப்பிடியில் மாட்டினாள். நாத்தனார் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

மூன்றரைக்கு மகன் வந்தான். பையைக்கூட இறக்காமல் அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்து, கட்டிய ஷூவைப் பிடித்துக்கொண்டான். நாலு மணிக்கு வண்டியும் வந்துவிட்டது.

வீடு நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பதினெட்டு வருடமாக அவர்தான் பார்த்துக்கொண்டார், சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில். சாமான் ஏற்றும் அளவுக்கு அகலமான லிஃப்ட். நட்டு முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். சக்கரம் வைத்த படுக்கையை மகன் உள்ளே தள்ளினான். ஒரு பக்கம் நாத்தனாரும் ஒரு பக்கம் இவளும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. சத்தமே இல்லை. நட்டு பழக்கத்தில் காதைச் சுவரில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"மறுபடி எப்ப முளைக்கும்?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

"குளிர் வரட்டும், அண்ணி."

"அப்போ நான் வர்றேன். அதுவரைக்கும் தண்ணி?"

"வேண்டாம். தூங்கட்டும்."

நாத்தனார் தலையாட்டிவிட்டு, படுக்கைக்கு மேலாகக் கை நீட்டி இவள் கையைப் பிடித்தாள். "ஐயோ, நகமெல்லாம் மண்ணு. கழுவிட்டு வந்திருக்கக் கூடாதா" என்று தன் முந்தானையை எடுத்தாள்.

"இருக்கட்டும் அண்ணி."

தரைத்தளத்தில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. லிஃப்டின் தரையும் வெளித் தரையும் ஒரே கோடாக இருந்தன. சக்கரங்கள் ஒரு குலுங்கல் இல்லாமல் கடந்து போயின. வெளியே வெயிலில் நிறையப் பேர் காத்து நின்றார்கள். அவள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள்.