என் நம்பரில் நாற்பத்து மூன்று பேர்

தையல்காரம்மா மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் பதிவு கவுண்டரில் கூட்டம் நெரிந்தது. கழுத்துத் துணியை விலக்கிக் காட்டி, "கட்டி பெருசாயிடுச்சும்மா" என்றார். ஆறு மாதத்துக்கு முன் அவரைப் பதிவு செய்தவள் நான்தான். அன்று கட்டியில் ஊசி போட்டு சாம்பிள் எடுத்து அனுப்பினார்கள். "ரிசல்ட் வந்தா போன் பண்றோம்னாங்க. வரல. ஒண்ணும் இல்ல போலன்னு நிம்மதியா இருந்துட்டேன்."

திரையில் தேடினேன். ரிசல்ட் ஆறு மாதமாக அங்கேயேதான் கிடந்தது. புற்றுநோய் என்றிருந்தது. கீழே லேப்காரர் குறிப்பு: நான்கு முறை அழைத்தும் எடுக்கவில்லை. பக்கத்தில் போன் நம்பர். அடப்பாவி, அது என் நம்பர்.

எங்கள் மென்பொருள் நம்பர் போடாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. அன்று அவர், "பொண்ணு புது நம்பர் வாங்கிக் குடுத்தா, எங்க எழுதி வச்சேன்னு தெரியலையே" என்று பையைத் துழாவிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை கத்தியது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று என் நம்பரைத் தட்டிவிட்டேன். எத்தனை பேருக்கு எத்தனை 'பிறகு'! லேப்பிலிருந்து யார் யாரையோ கேட்டு அழைத்து என் உயிரை வாங்கியபோது, அந்த நம்பரை பிளாக் செய்ததும் இதே கைதான்.

மதியம் மேலாளர் அறையில் கூடினோம். "நாலு தடவ கூப்பிட்டாச்சு சார், அதுக்கு மேல நாங்க என்ன பண்றது?" என்றார் லேப்காரர். "கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு கேட்டீங்க, பண்ணிக் குடுத்தோம். உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது எங்க வேலையில்ல" என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர்.

"அப்ப யாரு வேலை?" என்றார் மேலாளர். போன மாதம்தான் பதிவுகள் நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கின்றன என்று எங்கள் கவுண்டருக்குக் கைதட்டியவர் அவர்.

"அது என் நம்பர் சார்" என்றேன். யாரும் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். "சரி, இனிமே பாத்துக்கலாம்" என்று மேலாளர் எழுந்துவிட்டார்.

கவுண்டருக்கு வந்து என் நம்பரைத் தேடினேன். நாற்பத்து மூன்று பெயர்கள் வந்தன. போனை எடுத்து லேப் நம்பரின் பிளாக்கை நீக்கினேன்.

டாக்டர் அறை வாசலில் தையல்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும், முகம் வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லத்தான் வந்தேன்.

"அப்பவே வந்திருந்தா சுலபமா போயிருக்குமாம்" என்றார். "நாலு தடவ கூப்பிட்டாங்களாமே. யாரு நம்பரோ, என்னவோ. எடுத்து, இது நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

என் மடியில் போன் அதிர்ந்தது. லேப்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "எடும்மா" என்றார். "யாருக்கு என்ன அவசரமோ."