இடது கையும் ஒரு பலகையும்

காப்பிப் பழம் சிவந்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது. நல்ல மழை ஒன்று அடித்தால் போதும், பொலபொலவென்று உதிர்ந்து சேற்றோடு போய்விடும். கொலம்பிய மலைச்சரிவில் ஓர்ஃபீலியாவின் சின்னத் தோட்டம் முழுக்கச் சிவந்து நின்ற நேரம் பார்த்துத்தானா அவள் வலது மணிக்கட்டு முறிய வேண்டும்!

முறிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பழம் பறிக்கிற ஆட்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சேறு வழுக்கிவிட்டது. வலது கையைத் தரையில் ஊன்றினாள், இடது கையால் பானையை நிமிர்த்திப் பிடித்தாள். கை போயிற்று, குழம்பு ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஓடி வந்த ஆட்கள் முதலில் பானையைத்தான் வாங்கினார்கள் என்று அவளே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் பக்கத்து ஆட்கள் எந்தத் தோட்டத்தில் சாப்பாடு ருசியோ அங்கேதான் கூடையைக் கட்டுவார்கள். மேஸ்திரி எவேலியோ தன் ஆட்களோடு வருஷம் தவறாமல் இவள் வீட்டுக்கு வந்ததே இவள் வைக்கும் பீன்ஸ்கொட்டைக் குழம்புக்காகத்தான். மறுநாள் அவள் மாவுக்கட்டுப் போட ஊருக்குள் போனபோது அவள் புருஷன் ஹில்தார்தோ சமையலில் இறங்கினான். பாவம், நல்ல மனசுதான். ஆனால் கொட்டையை ஊறவைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த மலை உயரத்தில் ஊறின கொட்டையே வேக நாலைந்து மணி நேரம் பிடிக்கும்.

"அண்ணே, இது கொட்டையா, கோலிக்குண்டா?" என்றான் எவேலியோ.

"நல்லா மென்னு தின்னுப்பா."

"இருக்கறதே நாலு பல்லு. அதையும் உங்க வீட்லயே விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

சாயங்காலம் ஓர்ஃபீலியா ஜீப்பிலிருந்து இறங்கியபோது எவேலியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பசங்க எதிர்மலைத் தோட்டத்துக்குப் போலாங்கறாங்க. விடிஞ்சதும் கெளம்பறோம்."

அவள் சரிவைப் பார்த்தாள். ஒரு வருஷத்துப் பாடு முழுக்கச் செக்கச்செவேலென்று தொங்கியது. மேலே மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. புருஷனும் பெண்சாதியுமாகப் பறித்தால் கால்வாசிகூடத் தேறாது. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள்.

"போங்க, யாரு வேண்டாங்கறா? காலைல சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட என் வாசலத் தாண்டுனா அப்புறம் இருக்கு."

அன்றைக்கே இடது கையால் கொட்டையை அளந்து ஊறப் போட்டாள். விடிவதற்கு வெகுமுன்பே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மிச்சம் சோள ரொட்டிதான். அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தட்ட வேண்டும். ஹில்தார்தோ தட்டினான். ஓரமெல்லாம் வெடித்துப் பிய்ந்தது.

"இதென்ன, மாடு மிதிச்ச மாதிரி?" என்றாள்.

"எனக்குக் காப்பிச்செடிதான் தெரியும் தாயே."

"ஒங்க வலது கையக் குடுங்க. இனிமே அது கையில்ல, பலகை. ஆடக்கூடாது."

அவன் உள்ளங்கையில் மாவு உருண்டையை வைத்து, தன் இடது உள்ளங்கையால் தட்டித் திருப்பினாள். முதல் ரொட்டி கோணல். இரண்டாவதும் கோணல். அப்புறம் அந்த இடது கைக்குப் பிடிபட்டுவிட்டது.

"எடது கையாலயே இப்படிப் போடுறியே! இத்தன நாளா வலது கை சும்மாவா இருந்துச்சு?"

"பலகை பேசாது."

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த எவேலியோ வாசலிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மாவுக்கட்டு, ஒரு பலகை, அடுக்கடுக்காகச் சுட்ட ரொட்டி.

உட்கார்ந்தார்கள். கொட்டை வெண்ணெயாய்க் கரைந்தது. தட்டை வழித்துத் துடைத்தார்கள்.

"ரொட்டி என் மாமியார் மூஞ்சி மாதிரி கோணியிருக்கு" என்றான் எவேலியோ. "இன்னும் ரெண்டு போடுங்கக்கா."

தின்று முடித்து எழுந்தான். மூட்டையைப் பழையபடி ஆணியில் மாட்டினான். கூடையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"என்னடா பாக்கறீங்க? மழைக்கு முன்னாடி கீழ்ச்சரிவ முடிக்கணும். எறங்குங்கடா!"

சரிவெங்கும் கூடைகள் இறங்குவதை ஓர்ஃபீலியா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள்.

"வாங்க பலகை, மதியக் குழம்புக்குப் பன்றிக்கறி வறுக்கணும். பானைய நீங்கதான் தூக்கிட்டுப் போறீங்க. வழுக்குனா நீங்க ஒடஞ்சாலும் பரவால்ல, குழம்பு சிந்தக்கூடாது."