தொரிபியோ நின்ற படம்

கணவாய் ஏறும்போதே இடது முழங்கால் வீங்கிவிட்டது. இறக்கத்தில் ஒவ்வொரு படியும் ஆணி அடித்ததுபோல் வலித்தது. வாயில் அடக்கியிருந்த கோக்கா இலை சக்கையாகி வெகுநேரம் ஆயிற்று. குஸ்கோவுக்கு இன்னும் அரை நாள் நடை.

"ஒக்காந்துட்டுப் போலாமா அண்ணே?" என்றான் பெனிக்னோ.

"ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேன்."

"அப்ப உன்னத் தூக்கணும். அதுக்குத் தனி நாள் கணக்கு வெப்பேன்."

சிரிக்கத் தெம்பில்லை. அவன் கூட வந்ததே பெரிது.

போன மாதம் இதே வழியில் தனியாகப் போய்த் திரும்பியிருந்தேன். இடிந்த கோட்டைக்குக் கீழே உள்ள படிநிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. கிரிங்கோ என்று நாங்கள் சொல்லும் வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அங்கே பயிர் செய்தவர்களுக்கு மட்டும் விட்டுவைக்குமாம். அதற்குச் சாட்சி அந்தக் கிரிங்கோ எழுதிய மூன்று புத்தகங்கள். காட்டுக்குள் கிடந்த இன்கா சுவர்களை முதலில் கண்டுபிடித்தவர் என்று அவருக்குப் பெயர். அந்தச் சுவரில்தான் என் அப்பா தினமும் மண்வெட்டியைச் சாய்த்து வைப்பாராம்.

குஸ்கோ நில அலுவலகத்துக் குமாஸ்தா மூன்றையும் மேசையில் போட்டார். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நாங்கள் யாருமே இல்லை, கல்லும் காடும்தான். முதல் புத்தகத்தில் எங்கள் நிலம் படமாக இருந்தது. மூலையில் மூக்கு நீட்டிய கல்லை வைத்துக் கண்டுகொண்டேன். நடுவில் மண்வெட்டியோடு ஒரு ஆள். கீழே இருந்ததைக் குமாஸ்தா படித்தார்: "தன் நிலத்தில் தொரிபியோ."

தொரிபியோ, பெனிக்னோவின் அப்பா. நிலம் என் அப்பாவுடையது. படம் எடுத்த அன்று கிரிங்கோவின் பெட்டிகளைச் சுமக்க என் அப்பாவை ஊர் அதிகாரி பிடித்துக்கொண்டு போய்விட்டான். கிழங்குக்கு மண் அணைக்கும் நாள் தப்பக்கூடாதென்று தொரிபியோ அய்னிக்கு வந்து நின்றார். என் நிலத்தில் நீ ஒரு நாள், உன் நிலத்தில் நான் ஒரு நாள். எங்கள் பக்கம் வேலை அப்படித்தான் நடக்கும். கிரிங்கோவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பெயரைக் கேட்டார், எழுதிக்கொண்டார்.

அப்பாக்கள் இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை. பெனிக்னோ உண்மையைச் சொன்னால்தான் நிலம் எனக்கு. சும்மா இருந்தாலே அவனுக்கு.

"அவனையே கூட்டிட்டுப் போறியா? நம்ம ஆடுங்களையும் சேத்து அவன் பட்டியில அடைச்சிட்டுப் போ," என்றாள் நாங்கள் கிளம்பும்போது என் மனைவி காசிமீரா.

குஸ்கோ போய்ச் சேர்ந்த மறுநாள் அலுவலகத்தில் உச்சிவெயில் வரை காக்க வைத்தார்கள். பெனிக்னோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, படத்துல நிக்கறது எங்கப்பாதான். நிலம் அவருதில்ல, இவங்க அப்பாவோடது. எங்கப்பா அய்னிக்குப் போயிருந்தாரு."

"கூலிக்கா?"

"கூலி இல்லைங்க. அய்னி."

"'தன் நிலத்தில்'னு போட்டிருக்கே. அச்சுல இருக்கறது பொய்யி, நீ சொல்றது நெசமா?"

"எழுதினவரு ஒரு நாள் நின்னு பாத்துட்டுப் போனாரு ஐயா. நாங்க அங்கயே கெடக்கோம்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். குமாஸ்தா சிரிக்கவில்லை.

"தொரிபியோ மகன் பேருக்குப் பத்திரம் தயாராயிருச்சு. கைநாட்டு வெக்கிறியா, இல்ல நிலத்துக்கு ஆளே இல்லன்னு அரசாங்கத்துக்கு எழுதட்டுமா?"

பெனிக்னோ என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் கட்டைவிரலை மையில் அமுக்கினான்.

திரும்பும் வழியில் கணவாயில் உட்கார்ந்து வறுத்த சோளத்தைப் பிரித்தோம். அவன் தொப்பிக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து என் மடியில் போட்டான்.

"நீயே வெச்சுக்க. என் வீட்டுக் கூரை ஒழுவுது."

"உன் பேருல்ல இருக்கு."

"கெழங்கு பேரக் கேட்டுட்டா மொளைக்குது? நீ போடு, நீயே தோண்டு."

கண் கரித்தது. குளிர்காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணுண்ணே. அந்தப் படத்துல எங்கப்பா நிக்கிற நாளு இருக்கே, அத உங்கப்பா திருப்பல. பெட்டி சுமந்த எடத்துல காய்ச்சல் கண்டு படுத்தவரு, எந்திரிக்கவே இல்ல. எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு."

தொரிபியோதான் என் அப்பாவிடம் முன்பு வாங்கிய நாளைத் திருப்ப வந்தார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அப்போது நான் அம்மாவின் முதுகில் கட்டிய குழந்தை.

"இல்லன்னு சொல்லாத. புத்தகத்துலயே இருக்கு," என்றான்.

முழங்காலைப் பிடித்துவிட்டபடி கணக்குப் பார்த்தேன். போக இரண்டு நாள், அலுவலகத்தில் ஒரு நாள், திரும்ப இரண்டு நாள். அப்பா கடன் வைத்துவிட்டுப் போன ஒரு நாள். பெனிக்னோவுக்கு நான் தர வேண்டியது ஆறு நாள் உழைப்பு.